இங்கிலாந்து நோக்கியா 1100 லாக் ஆயிருக்கு, நெட் இல்லாம கோடு எடுக்குற சாப்ட்வேர் யார்கிட்டயாவது இருக்கா?

#1 லயத்துப்பையன்

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா, சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாதான் தெரியும். அத்தை மகன், மச்சான், இங்கிலாந்துல டாக்டரா இருக்காரு, தீபாவளிக்கு வந்தவரு ஒரு பை நெறைய பழைய சாமான விட்டுட்டுப் போயிட்டாரு. அதுல ஒரு நோக்கியா 1100, மண்டைல டார்ச்லைட் வச்சது. அப்பா பாத்த உடனே இது எனக்குன்னு எடுத்துக்கிட்டாரு.

அப்பா முப்பத்தி நாலு வருஷம் செம்பனை வெட்டுனவரு, தோட்டத்த விட்டு தாமானுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னமும் காலைல அஞ்சு மணிக்கு, தோட்டத்துல ஆளக் கணக்கெடுக்குற பெரட்டுக்கு போற மாதிரி எழுந்து வெளிய கெளம்பிடுவாரு. நான் வாங்கிக் குடுத்த டச் போன் அவரு வெரலுக்கு வேலையே செய்ய மாட்டேங்குது, காப்புக் காச்சிப் போன வெரலு, தேச்சுத் தேச்சுப் பாத்துட்டு கடுப்பாகி அலமாரி மேல வச்சிட்டாரு. அதனால இந்த பட்டன் போன எப்படியாவது ஓட வைக்கணும்.

பிரச்சன என்னன்னா நம்ம ஊரு சிம் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. பாசார் மாலாம்ல பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடியே பேட்டரிக்கு அடில இருந்த ஸ்டிக்கர பாத்து ஐஎம்இஐ, அதான் ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற பதினஞ்சு எண்ணு அடையாள நம்பர், அத எடுத்து ஒரு வெப்சைட்ல போட்டேன், ஃபிரீன்னு போட்டிருந்துச்சு, ரெண்டு சர்வே பண்ணச் சொன்னான் பண்ணேன், ஒரு நம்பர் குடுத்தான். போன் ஆன் ஆன அப்பறம் ரெண்டு தடவ அடிச்சேன், ரெண்டு தடவயும் எர்ரர். வீட்ல சிக்னல் வேற ஒரு பாயிண்ட்தான் வரும், அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு நெட் இல்லாம கணக்கு போடுற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறேன்.

#2 செம்பனைலோரி

12345 போட்டுப் பாரு தம்பி. எல்லா நோக்கியாவும் அதுல தெறக்கும் லா.

#3 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

தம்பி மொதல்ல போன கீழ வை. இனிமே ஒரு நம்பர் கூட அடிக்காத.

லோரி அண்ணே சொன்னது வேற பூட்டு. 12345ங்கிறது செக்யூரிட்டி கோடு, போனோட சொந்தக்காரரு போடுறது. உன் போன்ல இருக்குறது சிம் லாக், அது விக்கும்போதே டெலிபோன் கம்பெனி போடுற பூட்டு, என் சிம் மட்டும்தான் இதுல ஓடணும்னு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, ஒன்னு வீட்டுச் சாவி ஒன்னு தோட்டத்து கேட் சாவி.

அந்த மாதிரி நோக்கியால மொத்தம் அஞ்சு சான்ஸ்தான். நீ ரெண்டு தின்னுட்ட. மூணுதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா எந்தக் கோடும் எடுக்காது, சரியான கோடா இருந்தாலும். அப்பறம் கேபிள் போட்டு லாக் எடுக்குற பாக்ஸ் மெசின்ல வச்சுதான் தெறக்கணும், அந்தப் பாக்ஸ் வச்சிருக்குற கடை இப்ப எங்க இருக்கு சொல்லு.

நான் உன் ஊருலதான் 2001லருந்து 2012 வரைக்கும் போன் கடை வச்சிருந்தேன், இப்ப ராவாங். பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஸ்டோர்ல இருக்கு. நெட் கிடையாது, விண்டோஸ் 98, உள்ள பேட்டரி செத்துப்போயி தேதி 1980ன்னு காட்டும், ஆனா ஓடும். உனக்குத் தேவையானது அதுல இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு மூணு விசயம் வேணும்: போன் மாடல் டைப், ஐஎம்இஐ, எந்த நாட்டு எந்தக் கம்பெனி பூட்டுனது. ஐஎம்இஐய இங்க பொதுவுல போடாத, எவனாவது எடுத்து வேற போனுக்குப் பயன்படுத்துவான்.

#4 கணக்குடீச்சர்

அண்ணே ஒரு சந்தேகம், ரொம்ப நாளா மனசுல இருக்கு. போன் நெட்ல இல்ல, கம்ப்யூட்டரும் நெட்ல இல்ல. அப்பறம் எப்படி கம்ப்யூட்டர் சொல்ற நம்பர போன் சரின்னு ஒத்துக்குது? ரெண்டும் எங்க பேசிக்கிட்டுச்சு?

#5 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

டீச்சர் நல்ல கேள்வி. பேசிக்கவே இல்ல, ரெண்டும் ஒரே கணக்க போடுது, அவ்வளவுதான்.

சிம்முக்குள்ள ஒரு நீள நம்பர் இருக்கு, அதோட மொத மூணு எண்ணு நாடு, அடுத்த ரெண்டு கம்பெனி. நம்ம நாடு 502. மேக்சிஸ் 50212, டிஜி 50216, செல்காம் 50219, யூ மொபைல் 50218. இங்கிலாந்து 234ல ஆரம்பிக்கும். லாக் பண்ண போன் ஆன் ஆன உடனே சிம்மோட அந்த அஞ்சு எண்ணப் படிச்சு தன்கிட்ட எழுதி வச்சிருக்குறதோட ஒத்துப் பாக்கும். ஒத்துவரலன்னா கதவத் தெறக்காது.

பூட்ட எடுக்குற கோடு இருக்கே, அது பழைய நோக்கியால தனியா யோசிச்சு வச்ச நம்பர் கெடையாது. ஐஎம்இஐய எடுத்து, அந்தக் கம்பெனி நம்பர எடுத்து, ரெண்டையும் ஒரு கணக்குல போட்டு வர்ற விடை. கணக்கு எல்லா போனுக்கும் ஒன்னுதான், உள்ள போடுற எண்ணுதான் வேற. அந்தக் கணக்கு வெளிய வந்துருச்சு, வந்த அப்பறம் எவன் வேணும்னாலும் தன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலாம். 3310, 3210, 8210 இந்த வரிசைய நாங்க டிசிடி3ன்னு சொல்லுவோம், அதுக்கு பத்து எண்ணு கோடு. 1100, 3100, 6610 இதெல்லாம் டிசிடி4, பதினஞ்சு எண்ணு. சாப்ட்வேர் ஒரு ஃபிளாப்பில அடங்கிரும், அந்தக் காலத்துல கேஎல் (கோலாலம்பூர்) லோயாட் கம்ப்யூட்டர் மால் பக்கம் போனா சிடில போட்டு விப்பானுங்க, நான் டயல் அப்ல 1515 அடிச்சு கீச்சு கீச்சுன்னு ராத்திரி முழுக்க எறக்குனேன், பில்லு வந்தப்ப எங்கம்மா என்னைத் தொரத்துனாங்க.

போன்ல அடிக்கிறதும் தனி வித்த. நட்சத்திர பட்டன மூணு தடவ அமுக்குனா பி வரும், நாலு தடவ அமுக்குனா டபிள்யூ, ரெண்டு தடவ அமுக்குனா பிளஸ். மொதல்ல ஹேஷ், அப்பறம் பி, டபிள்யூ, பிளஸ், கோடு, திரும்ப பிளஸ், ஒன்னுலருந்து ஏழுக்குள்ள ஒரு எண்ணு, கடைசில ஹேஷ். அமுக்குற வேகம் கொஞ்சம் தவறுனாலும் வேற எழுத்து வந்துரும். நிறைய பேருக்கு கோடு சரியா இருந்தும் கை சரியில்லாம சான்ஸ் போயிருக்கு.

#6 செம்பனைலோரி

அப்ப 12345 இல்லியா 😅

#7 கூலாய்2000

அண்ணே இதெல்லாம் மியூசியம் சாமான். என்கிட்ட ஆஸ்திரேலியாலருந்து வந்த சாம்சங் இருக்கு, அஞ்சு வருஷப் பழசு. அதுக்கும் இந்த மாதிரி ஆஃப்லைன் கால்குலேட்டர் இருக்கா? யூடியூப்ல ஒருத்தன் எல்லா மாடலுக்கும் ஒரே சாப்ட்வேர்னு காட்டுறான்.

#8 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

கெடையாது. இருக்குன்னு எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்றான், இல்ல உன் கம்ப்யூட்டருக்குள்ள வேற எதையோ ஏத்தப் பாக்குறான்.

காரணம் மேல சொன்னதுதான். கணக்கு போட்டு வர்ற கோடா இருந்தாதான் கணக்கு போடுற சாப்ட்வேருக்கு வேலை. அப்பறம் வந்த போன்ல தயாரிக்கும்போதே குருட்டாம்போக்குல ஒரு நம்பர உருவாக்கி, அத தன் கம்ப்யூட்டர்ல பட்டியலா வச்சுக்குறானுங்க. ஐஎம்இஐக்கும் அந்த நம்பருக்கும் எந்த ஒறவும் இல்ல. கல்யாணத்துல குலுக்கல் போட்டு எடுத்த நம்பர யாராவது கணக்கு போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? பட்டியல் யார்கிட்ட இருக்கோ அவன்கிட்டதான் கேக்கணும். ஐபோனுக்கு கோடே இல்ல, ஆப்பிளோட சர்வர்ல இந்த போன் லாக்கு எடுத்தாச்சுன்னு மாத்துவானுங்க, போன் அதப் பாத்துத் தெறக்கும்.

உன் சாம்சங்ல *#7465625# அடிச்சா எந்தெந்த லாக் ஆன்ல இருக்குன்னு பல மாடல்ல காட்டும், அது சும்மா பாக்கறதுதான், சான்ஸ் ஒன்னும் போகாது. பாத்துட்டு ஆஸ்திரேலியால வாங்குன ஆளையே அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேக்கச் சொல்லு.

#9 கப்பல்காரன்

சிங்கப்பூர்லருந்து எழுதுறேன். எனக்கு ஒன்னு புரியல, இதெல்லாம் திருட்டு போனுக்கு வழி காட்டுற மாதிரி இல்லியா? நாளைக்கு எவனாவது தூக்கிட்டு வந்த போன இத படிச்சுட்டு தெறந்தா?

#10 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

கப்பல் தம்பி, கோவப்படாம சொல்றேன், ரெண்டையும் போட்டு கொழப்பாத. திருட்டு போன ஒரு நாட்டுல தடை பண்றது ஐஎம்இஐய வச்சு. சிம் லாக் எடுத்தாலும் ஐஎம்இஐ அப்படியேதான் இருக்கும், தடை ஆனது தடை ஆனதுதான். ஐஎம்இஐய மாத்துறது வேற, அத நான் ஒரு நாளும் தொட்டதில்ல, இங்க யாரும் கேக்கவும் வேணாம். என் கடைல பெட்டியோ ரசீதோ இல்லாம வந்தா, ஸ்க்ரீன் லாக்கோட வந்தா, மன்னிச்சுக்கன்னு அனுப்பிருவேன். தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஒரே வாரத்துல மூணு போன் கொண்டாந்தான், அவன் அப்பாகிட்டயே சொல்லிட்டேன், அதுக்கப்பறம் அந்தக் குடும்பமே என்கூட ஆறு மாசம் பேசல.

ஒருத்தன் காசு குடுத்து வாங்குன போன்ல வேற சிம் போடறது தப்புன்னு இப்ப பல நாடே சொல்றதில்ல. கனடால 2017 டிசம்பர் 1லருந்து புது போன லாக்கோட விக்கவே கூடாது, பழசுக்கு லாக் எடுக்க காசும் வாங்கக் கூடாது. இங்கிலாந்துல 2021 டிசம்பர்லருந்து கம்பெனிங்க லாக் போன் விக்கக் கூடாதுன்னு அங்க டெலிபோன் கம்பெனிங்கள கட்டுப்படுத்துற ஆஃப்காம் நிறுத்திருச்சு. அமெரிக்கால நடுவுல ஒரு தடவ இது சட்டத்துக்கு எதிரா ஆகி, கூச்சல் போட்டு, 2014 ஆகஸ்ட்ல தனிச் சட்டம் போட்டு திரும்ப அனுமதிச்சானுங்க.

#11 கப்பல்காரன்

சரி அண்ணே. எதுக்கும் கேட்டு வச்சேன்.

#12 கணக்குடீச்சர்

தம்பி லயத்துப்பையன், நீங்க ஸ்டிக்கர பாத்து எழுதுன ஐஎம்இஐ சரியான்னு சோதிச்சீங்களா? அதுக்கு நெட்டும் வேணாம் சாப்ட்வேரும் வேணாம், பென்சில் போதும். ஆறாம் ஆண்டு பிள்ளைங்களுக்கே நான் இத விளையாட்டா குடுத்திருக்கேன்.

பதினஞ்சு எண்ணுல கடைசி எண்ணு சும்மா இல்ல, மொத பதினாலையும் காவல் காக்குற எண்ணு. இடப்பக்கத்துலருந்து ரெண்டாவது, நாலாவது, ஆறாவதுன்னு இரட்டைப்படை இடத்துல இருக்குறத ரெண்டால பெருக்குங்க. ரெண்டு இலக்கம் வந்தா அந்த ரெண்டையும் கூட்டிக்குங்க, 18 வந்தா 1ம் 8ம் 9. ஒத்தைப்படை இடத்துல இருக்குறத அப்படியே விடுங்க. எல்லாத்தையும் கூட்டி, அடுத்த பத்துக்கு எத்தன கொறையுதோ அதுதான் கடைசி எண்ணு.

எல்லாரும் உதாரணத்துக்கு எடுக்குற 490154203237518ஐ பாருங்க. ஒத்தைப்படை இடம் 4, 0, 5, 2, 3, 3, 5, கூட்டினா 22. இரட்டைப்படை இடம் 9, 1, 4, 0, 2, 7, 1, பெருக்கி இலக்கம் கூட்டினா 9, 2, 8, 0, 4, 5, 2, மொத்தம் 30. ரெண்டும் சேத்து 52. அடுத்த பத்து 60, கொறையறது 8. கடைசி எண்ணு 8 தானே!

#13 லயத்துப்பையன்

டீச்சர் மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். எனக்கு கணக்குல 2 வருது, ஸ்டிக்கர்ல கடைசி எண்ணு 7ன்னு இருக்கு. நான் கணக்குல வீக்தான், ஆனா இவ்வளவு வீக் இல்ல.

#14 கணக்குடீச்சர்

கணக்கு சரிதான் தம்பி, படிச்சதுதான் தப்பு. வித்தியாசம் சரியா 5 வருது பாத்தீங்களா. 8க்கும் 3க்கும் வித்தியாசம் 5. ஸ்டிக்கர் தேஞ்சு போயி ஒத்தைப்படை இடத்துல ஒரு 8 உங்களுக்கு 3 மாதிரி தெரிஞ்சிருக்கணும். இப்பதான் போன் ஆன் ஆகுதே, *#06# அடிச்சு ஸ்க்ரீன்ல பாருங்க.

#15 லயத்துப்பையன்

டீச்சர்ர்ர்ர்!! ஒன்பதாவது எண்ணு. 8 தான். நான் 3ன்னு எழுதிருக்கேன்.

#16 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

டீச்சர் என் கடைல இருந்திருந்தா நான் பணக்காரன் ஆயிருப்பேன்.

அப்ப அந்த வெப்சைட்காரனுக்கு நீ குடுத்ததே தப்பு ஐஎம்இஐ. அவன் நெசமாவே கணக்கு போட்டிருந்தாலும் வெளங்கிருக்காது, அவன் போட்டிருக்கவும் மாட்டான், சர்வேல காசு பாக்குறவன் அவன்.

ஞாயித்துக்கெழம போன எடுத்துக்கிட்டு பத்து ஆராங் வழியா ராவாங் வா. பேட்டரி மூடிக்குள்ள டைப் ஆர்ஹெச்-18ன்னு இருக்கான்னு பாரு. அதுதான் 900, 1800 அலைவரிசை, நம்ம ஊரு 2ஜிக்கு ஒத்துவரும். அமெரிக்காவுக்குன்னு செஞ்ச 1100ம் உண்டு, 850, 1900, அத தெறந்து என்ன பண்றது, இங்க லைனே வராது.

#17 லயத்துப்பையன்

ஆர்ஹெச்-18 தான் அண்ணே. ஞாயிறு வர்றேன். அப்பா காப்பித்தூள் குடுத்து விடுறேன்னாரு.

#18 கூலாய்2000

அண்ணே அப்ப என் வீட்ல கெடக்குற, கம்ப்யூட்டர்ல சொருகி நெட் எடுக்குற ஹுவாவெய் டோங்கல்? ஈ220, வெள்ளையா சோப்புக்கட்டி மாதிரி இருக்குமே. அதுவும் லாக்குதான். அதுக்காவது கால்குலேட்டர் இருக்கா?

#19 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

அதுக்கு இருந்துச்சு, அதுதான் எனக்குத் தெரிஞ்சதுலயே சுத்தமான கணக்கு. கம்பெனி நம்பர் கூட வேணாம், ஐஎம்இஐ மட்டும் போதும். ஐஎம்இஐயோட பின்னால ஒரு ரகசிய வார்த்தைய ஒட்டி எம்டி5ன்னு ஒரு கணக்கு மெசின்ல அரைப்பானுங்க, பதினாறு பைட் மாவு வரும், அத நாலு நாலா மடிச்சு ஒன்னு மேல ஒன்னு போட்டு, 25 பிட் மட்டும் வச்சுக்கிட்டு, 26வது பிட்ட ஒன்னாக்கிருவானுங்க. வர்றது எட்டு எண்ணு கோடு. உங்க ஊரு யூனிசெல் யுனிவர்சிட்டி பிள்ளைங்களுக்கு 2010 வாக்குல இருபது வெள்ளிக்கு நான் எடுத்துக் குடுத்தது எத்தனையோ. டோங்கல்ல பத்து சான்ஸ். 2012க்கு அப்பறம் வந்த மாடலுக்கு கணக்க மாத்திட்டானுங்க.

#20 கணக்குடீச்சர்

25 பிட் வச்சுக்கிட்டு 26வத ஒன்னாக்குனா, கோடு எப்பவுமே 33554432க்கும் 67108863க்கும் நடுவுலதான் இருக்கும். அப்ப ஏழுலயோ எட்டுலயோ ஒன்னுலயோ ஆரம்பிக்கிற கோட எவனாவது அந்த டோங்கலுக்கு வித்தா பொய்தானே?

#21 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

பழைய கணக்கு மாடலுக்கு ஆமா டீச்சர், 3, 4, 5, 6 இந்த நாலுலதான் ஆரம்பிக்கும். பதினோரு வருஷம் கடை நடத்தி நான் இத கவனிச்சதே இல்ல!!

ஆனா கூலாய் தம்பி, அந்த டோங்கல தெறந்து என்ன பண்ணப் போற? இங்க 2021 கடைசியோட 3ஜிய நிறுத்தியாச்சு, ஜெண்டேலாங்கிற அரசாங்க நெட்வொர்க் திட்டத்துல. ஈ220க்கு 4ஜி தெரியாது. லாக் எடுத்தா 2ஜில எறங்கி நிக்கும், ஒரு படம் தெறக்குறதுக்குள்ள நீ தே தாரே குடிச்சு முடிச்சிருவ. வேடிக்க பாரு, அத விட மூத்த 1100 இன்னமும் ஓடும், 2ஜிய நிறுத்தலங்கிறதால.

#22 செம்பனைலோரி

எங்க ஊரப் பத்தி ஒன்னு சொல்லிக்கிறேன். 1917ல இந்த நாட்டுலயே மொதல்ல வியாபாரத்துக்கு செம்பனை நட்டது எங்க தென்னமாராம் தோட்டம். அதுல மொத ஆளு, லைன் வர்றதுல கடைசி ஆளு. லோரிய மேட்டுல நிப்பாட்டிட்டுதான் இத டைப் பண்றேன்.

#23 கூலாய்2000

கிராபிக்ஸ் கார்டு வச்சு நோக்கியா கோட ஒடைப்பானுங்கன்னு எங்கண்ணன் சொன்னான், அது என்ன கதை?

#24 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

அது கடைசிக் காலத்துக் கதை. டிசிடி4க்கு அப்பறம் பிபி5ன்னு வந்துச்சு, அதோட கடைசிப் பூட்டுக்கு எஸ்எல்3ன்னு பேரு. அதுல கணக்கு வெளிய வரல. ஆனா கேபிள் போட்டா போன்லருந்து கோட அரைச்ச மாவ எடுக்கலாம். மாவப் பாத்து அரிசியக் கண்டுபிடிக்க முடியாது, ஆனா ஒவ்வொரு அரிசியா அரைச்சு இதே மாவு வருதான்னு பாக்கலாம். அதுக்குத்தான் ஏடிஐ கார்டுங்கள ராத்திரி பகலா ஓட விட்டானுங்க. நான் செய்யல, எனக்கு கரண்ட் பில்லு கட்டுப்படியாகாது, கேஎல்ல ஒரு ஆளுக்கு அனுப்பிருவேன்.

#25 கணக்குடீச்சர்

பதினஞ்சு எண்ணுன்னா 1க்குப் பின்னால பதினஞ்சு சைபர் வாய்ப்பு. ஒரு வினாடிக்கு நூறு கோடி சோதிச்சாலும் மொத்தத்தையும் முடிக்க பத்து லட்சம் வினாடி ஆகும். அதாவது 11 நாள், 13 மணி நேரம், 46 நிமிஷம், 40 வினாடி. அஞ்சு சான்ஸ்தான் குடுக்குற போன்ல வெரலால அடிச்சுப் பாக்குறவங்க இத யோசிக்கணும்.

#26 லயத்துப்பையன் (ஞாயிறு மத்தியானம்)

ராவாங்ல ஸ்க்ரூடிரைவர் அண்ணன் வீட்லதான் இருக்கேன், அவரு டைப் பண்ணச் சொன்னாரு, அவருக்கு இப்ப பேசுற மூடு இல்ல.

கம்ப்யூட்டர் ஆன் ஆக இருபது நிமிஷம். சாப்ட்வேர்ல ஐஎம்இஐ போட்டு, இங்கிலாந்துன்னு எடுத்து, மச்சான் அங்க எந்தக் கம்பெனி வச்சிருந்தாரோ அத போட்டோம். ஏழு கோடு வந்துச்சு, ஒன்னுலருந்து ஏழு வரைக்கும். சான்ஸ் மூணு, கோடு ஏழு! அண்ணே அனுபவத்துல ஏழாவதுதான் மொதல்லன்னாரு, அவரே தன் கையால மெதுவா அடிச்சாரு. எர்ரர். ரெண்டுதான் மிச்சம். போன கவுத்து வச்சுட்டு வெளிய போயி நிக்கிறாரு.

#27 கணக்குடீச்சர்

அவசரப்படாதீங்க. ஐஎம்இஐ சரின்னு நிரூபிச்சாச்சு. கணக்கு பழசு, ஆயிரம் போன்ல ஓடுனது. கை அண்ணனோடது. மிச்சம் இருக்குற ஒரே எண்ணு கம்பெனி நம்பர்தான். போன் எங்க வாங்குனதுன்னு உங்க மச்சான்கிட்ட நேரா கேட்டீங்களா, இல்ல இங்கிலாந்துன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?

#28 லயத்துப்பையன்

அவரு இங்கிலாந்துல தானே இருக்காரு டீச்சர். இருங்க வாட்ஸ்அப்ல கேக்குறேன், அங்க இப்ப காலைல, எழுந்திருப்பாரு.

#29 லயத்துப்பையன்

ஆலாமா.

மச்சான் சொல்றாரு, அந்த போன் அவரு படிக்கும்போது வாங்குனதாம். படிச்சது டப்ளின்ல!! அயர்லாந்து!! மெடிசின் முடிச்சு அப்பறம்தான் இங்கிலாந்து போனாராம். எங்க வீட்ல எல்லாருக்கும் அவரு எப்பவுமே லண்டன்தான், அத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க, ஒருத்தரும் அயர்லாந்துன்னு சொன்னதே இல்ல.

#30 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

அயர்லாந்து 272. இங்கிலாந்து 234. வேற நாடுடா வேற நாடு. ஐஎம்இஐய பாத்தா என்ன மாடல்னு தெரியும், யாரு பூட்டுனான்னு தெரியாது, அத ஆளுங்க வாயாலதான் வாங்கணும், கடைல இருந்தப்ப மொத கேள்வியே அதுதான், இன்னைக்கு காப்பித்தூள பாத்து மறந்துட்டேன்.

உள்ள போறேன்.

#31 செம்பனைலோரி

என்னாச்சு

#32 செம்பனைலோரி

லோரி ஓட்டணும் சீக்கிரம் சொல்லுங்க லா

#33 லயத்துப்பையன்

தெறந்துருச்சு.

272 போட்டு, மச்சான் சொன்ன கம்பெனிய எடுத்து, அதே ஏழாவது கோடு. அடிச்ச உடனே ரெஸ்ட்ரிக்ஷன் ஆஃப்னு ஒரு வரி வந்துச்சு, ஒரு செகண்டுதான், போட்டோ எடுக்கக் கூட நேரம் இல்ல. அண்ணே கைல பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு பாருங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. அம்மா குடுத்த முறுக்கு டப்பாவ மட்டும் திருப்பித் தரல.

என் சிம் நேனோ, அதுக்கு அடாப்டர் வேணும்னு அண்ணே ஒரு ட்ராயர் முழுக்க தேடி ஒன்னு எடுத்துக் குடுத்தாரு.

#34 கணக்குடீச்சர்

நாலாவது சான்ஸ்ல! அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

#35 கூலாய்2000

வாழ்த்து ப்ரோ. நான் ஆஸ்திரேலியாவுக்கு மெயில் போட்டாச்சு, ரெண்டு வாரமா பதில் இல்ல.

#36 கப்பல்காரன்

அண்ணே என் மாமாகிட்ட ஒரு பழைய 3310 இருக்கு, பெட்டி இருக்கு, ரசீது இல்ல...

#37 ஸ்க்ரூடிரைவர்அண்ணே

பாரு யாரு கேக்குறான்னு. மாமாவயே கூட்டிட்டு வா, ரசீது இல்லன்னாலும் மூஞ்சப் பாத்து முடிவு பண்றேன். எந்த நாடுன்னு மொதல்ல கேட்டுக்க.

#38 லயத்துப்பையன் (மூணு வாரம் கழிச்சு)

எல்லாரும் கேட்டீங்களேன்னு எழுதுறேன். அப்பா தினம் அஞ்சு மணிக்கு அந்த போன எடுத்துக்கிட்டுதான் வெளிய போறாரு, கோயில் வரைக்கும் போயி மாட்டுக்காரரப் பாத்துட்டு வருவாரு. நேத்து மழை, லேட்டாச்சேன்னு கூப்புட்டேன், போகல. அடைச்சு வச்சிருக்குன்னு பொம்பள கொரல் சொல்லுது. வீட்டுக்கு வந்த உடனே ஏம்பா ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்கன்னு கேட்டா, ஆன்ல வச்சா நீங்கல்லாம் கூப்புடுவீங்க, அப்பறம் டார்ச்சுக்கு பேட்டரி எங்கருந்து வரும்ங்கிறாரு.